மங்கலான இரண்டாவது கோடு

பஸ் கிளம்பிவிட்டது, இனி இறங்க முடியாது என்று நினைத்தேன், உடனேயே ஏன் முடியாது, டிரைவரிடம் சொன்னால் நிறுத்திவிடுவார் என்றும் தோன்றியது, இந்த மலையில் எல்லாருக்கும் என்னைத் தெரியும், அமலோற்பவம் என்ற பெயர் வாயில் நுழையாததால் டெலஸ்கோப் அம்மா என்பார்கள், டெலஸ்கோப் அம்மா எதையோ மறந்துவிட்டு வந்துவிட்டது என்று சிரித்து முதல் வளைவுக்கு முன்னாலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள், நான் நடந்தே ஆய்வகத்துக்குத் திரும்பி, குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு, சுலோச்சனாவுக்கு போன் செய்து காய்ச்சல் என்று சொல்லலாம். காய்ச்சல். புருஷன் சாகக் கிடக்கிறவளிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்வது. மடியில் லேப்டாப் பை கனத்தது. அதைக் காலடியில் வைக்கலாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் புளிக் கூடை அங்கே இருக்கிறது, ஈரப்புளியின் வாடை ஜன்னல் காற்றையும் மீறி வருகிறது, அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கண்ணை இறுக்கிக்கொண்டிருக்கிறாள், வளைவுகள் வந்தால் வாந்தி எடுப்பாள் என்று தோன்றுகிறது. வெளியே மழைக்கால வெயில். மூன்று வாரமாக மூடியிருந்த வானம் முந்தாநாள் ராத்திரிதான் திறந்தது, அதுவும் சரியாக நம்ம ஆளு உச்ச வேகத்தில் இருந்த ராத்திரி. ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் மழைதான் பெய்தது. இந்த வருஷமும் பெய்திருக்கலாம். பெய்திருந்தால் இந்தப் பையில் ஒன்றும் இருந்திருக்காது, நானும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு சும்மா பார்க்கப் போகிறவளாகப் போயிருப்பேன்.

நம்ம ஆளு என்பது ஒரு நட்சத்திரம். அட்டவணையில் அதற்கு நீளமாக ஓர் எண் உண்டு, ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தணிகாசலம்தான் வந்த புதிதில், இவ்வளவு பெரிய நம்பரை யார் மேடம் சொல்றது, நம்ம ஆளுன்னு வெச்சுக்குவோம் என்றான். அப்போது அவனுக்குத் தலை நிறைய முடி. நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து நீளமான பட்டையாக விரித்தால் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும், நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அந்தக் கோடுகள் நீலப் பக்கம் சாயும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். நம்ம ஆளுடைய கோடுகள் நீலத்துக்கும் சிவப்புக்குமாக ஆடிக்கொண்டே இருந்தன. ஆட்டம் என்றால் பக்கத்தில் யாரோ பிடித்து ஆட்டுகிறார்கள் என்று அர்த்தம். யார் என்று தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த யாரோ பல சூரியன் கனம் இருக்க வேண்டும், அவ்வளவு கனமான நட்சத்திரம் என்றால் கண்ணைக் கூசுகிற மாதிரி எரிய வேண்டும், அதன் கோடுகளும் அந்தப் பட்டையில் விழ வேண்டும், ஆனால் பட்டையில் நம்ம ஆளுடைய கோடுகளைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. கனம் இருக்கிறது, ஒளி இல்லை. அப்படி என்றால் கருந்துளை. தணிகா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான், உட்காரவே இல்லை, என் அறைக்கும் அவன் அறைக்குமாக நடந்தான், ‘சத்தமே இல்லாம உக்காந்திருக்கான் மேடம், எதையும் திங்காம, புகையாம, அந்த ஆளு’ என்றான். நம்ம ஆளு, அந்த ஆளு. அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் எங்களோடு டீ குடித்தார்கள், மழையில் மாட்டிக்கொண்டார்கள், தணிகாவின் கல்யாணத்துக்கு வந்தார்கள். அவன் அந்த மாதமே கட்டுரையாக எழுதி அனுப்பிவிடலாம் என்றான். நான் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றேன். மங்கலாக ஏதாவது ஒளிந்திருக்கலாம், உச்ச வேகத்தில் இருக்கும்போது ஒரு தடவை பார்த்தால்தான் தெரியும் என்றேன். மறு வருஷமும் அதையேதான் சொன்னேன். ‘சாமி நேர்ல வந்து நின்னாலும் ஆதார் கேப்பீங்க மேடம் நீங்க’ என்றான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் அதற்கடுத்த வருஷம் சிரிக்கவில்லை, வெளிநாட்டுக்காரர்கள் வேறு ஏதோ நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அந்த மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அவன் அந்தச் செய்தியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். பிறகு வயிற்று வலி என்றான். கேஸ் டிரபிள் என்றார்கள். கணையத்தில் புற்று என்றார்கள்.

வளைவு வந்தது, எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம், புளிக்காரப் பெண்ணின் தோள் என்மேல் அழுந்தியது, நல்ல சூடு, அவளுக்குத்தான் காய்ச்சல் போலிருக்கிறது. கணையம் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு படித்தும் என் உடம்புக்குள் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வயிற்றின்மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன், இப்போதும் கை அங்கேதான் போயிருக்கிறது, பையின் வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில். ராத்திரி சாப்பிட்ட ரசம் சாதம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அது ரசம்தானா. எல்லாரும் முதலில் ரசம் என்றுதான் நினைத்திருப்பார்கள். போன் அடித்தது. தணிகாவின் மனைவி சுலோச்சனா. எடுக்காமல் இருக்கலாம், வளைவில் சிக்னல் இருக்காது என்று அவளுக்கே தெரியும், ஆனால் விரல் எடுத்துவிட்டது. ‘அக்கா, பஸ் ஏறிட்டீங்களா?’ ‘ஏறிட்டேன்மா. எப்படி இருக்கார்?’ ‘அப்படியேதான். மருந்து போட்டா தூங்கறார், மருந்து இறங்கினா முழிச்சுக்கறார். நடுவுல கொஞ்ச நேரந்தான் பேச்சு தெளிவா இருக்கு. நேத்து கோவிந்தசாமிகிட்ட போன் போட்டுக் கேட்டார். வானம் தெளிஞ்சுது, மேடம் விடிய விடிய எடுத்தாங்கன்னு அவரு சொல்லிட்டாரு. அதுலேர்ந்து உங்க பேரைத்தான் கேக்கறார்.’ கோவிந்தசாமி தொலைநோக்கியை இயக்குகிறவர், பொய் சொல்லத் தெரியாத மனுஷர், அவர்மேல் எனக்கு ஒரு கோபம் எழுந்து அப்படியே அமர்ந்தது. ‘அக்கா, நல்ல சேதியா?’ நான் பதில் சொல்வதற்குள் பாறை மறைத்துவிட்டது. பாறைக்கு நன்றி. ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை சொன்னேன், லைன் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் மூன்றாவது தடவை சொன்னேன், யாருக்காக.

காலையில் பார்த்தேன். காலையில், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது. உச்ச வேகத்து ஒளியையும் இத்தனை வருஷத்துப் பழைய ஒளியையும் சேர்த்து, நம்ம ஆளுடைய பங்கைக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது என்ன என்று பார்க்கிற வேலை. ஒன்றும் மிஞ்சாது என்றுதான் தணிகா இத்தனை காலம் சொன்னான். மிஞ்சியது. கோடு என்றுகூட அதைச் சொல்ல முடியாது, கறுப்பாக, கூர்மையாக இருந்தால் கோடு, இது ஒரு தாழ்வு, மழைத் தண்ணீர் தேங்கி வற்றின இடம் மாதிரி அகலமாக, ஆழமே இல்லாமல், இத்தனை வருஷமும் பட்டையின் தரையோடு தரையாகக் கிடந்தது. நம்ம ஆளு நீலத்துக்குப் போகும்போது அது சிவப்புக்குப் போனது. இவன் சிவப்புக்கு வந்தால் அது நீலத்துக்கு. அப்படி நகர்ந்தால் அது தூசி இல்லை, கருவிக் கோளாறு இல்லை. நட்சத்திரம். ஒளிர்கிற, சூடான, சாதாரண நட்சத்திரம். ரொம்ப வேகமாகச் சுழல்வதால் கோடுகள் விரிந்து பரவித் தெரியாமல் கிடந்திருக்கின்றன. நம்ம ஆளுதான் ஏமாற்றியிருக்கிறான், கனமானவன் மாதிரி ஊதித் தெரிகிறானே தவிர உள்ளே ஒன்றுமில்லை, இருந்ததையெல்லாம் எப்போதோ பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு மேல்தோல் மட்டும் வீங்கி நிற்கிறான், வாங்கித் தின்றவன் அந்த வேகத்தில் சுழல்கிறான். கருந்துளை இல்லை. அங்கே அப்படி ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. டீயில் ஆடை படிந்திருந்தது. நான் உடனே நம்பவில்லை, நான் எதையும் உடனே நம்புகிறவள் இல்லை, சூடான நட்சத்திரத்தின் மாதிரிப் பட்டை ஒன்றை வைத்துக் கழித்துப் பார்த்தேன், அதைவிடக் குளிர்ந்ததை வைத்துப் பார்த்தேன், உலோகம் குறைவான மாதிரியை வைத்துப் பார்த்தேன், பாதி ராத்திரிகளை நீக்கிவிட்டுப் பார்த்தேன், மற்ற பாதியை நீக்கிவிட்டுப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அந்தத் தாழ்வு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அப்போது எனக்குள்ளே என்ன வந்தது. அதைத்தான் இந்த பஸ்ஸில் ஏறினதிலிருந்து தொடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வருத்தம் வந்தது, அது உண்மை. ஆனால் வருத்தத்துக்கு ஒரு மூச்சு முன்னால் வேறு ஒன்று வந்தது, சின்னதாக, வெதுவெதுப்பாக. நான் சொன்னேனே. நான் அப்போதே சொன்னேனே. அது வந்ததா, வந்ததாக இப்போது நினைக்கிறேனா. வந்தது. முதுகு நிமிர்ந்தது, அது நினைவிருக்கிறது.

புளிக்காரப் பெண் ஜன்னல் பக்கம் என்மேல் குறுக்காகச் சாய்ந்து வாந்தி எடுத்தாள், நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன், அந்தச் சூடான நெற்றியின் கனம் முழுக்க என் உள்ளங்கையில் இருந்தது. கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ‘பிள்ளைத்தாச்சியா?’ என்று கேட்டார், அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, மன்னிச்சுக்கோம்மா என்றாள் என்னிடம். பரவாயில்லை என்றேன். என் அப்பாவின் நெற்றியையும் இப்படிப் பிடித்திருக்கிறேன், தூத்துக்குடியில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டின மனுஷர், இரும்புத் தூசியும் நிலக்கரித் தூசியும் தின்ற நுரையீரல். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். உள்ளே வந்தபோது அப்பா, ‘ஏட்டி, டாக்டரு என்ன சொல்லுதாரு?’ என்று என்னைத்தான் கேட்டார், வீட்டில் படித்தவள் நான்தான். அண்ணன் முந்திக்கொண்டு சளிதான்ப்பா, நாள்பட்ட சளி என்றான். அப்பா அண்ணனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு சரி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அதற்கப்புறம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மணப்பாட்டில் அவருக்கு ஒரு தம்பி இருந்தார், நிலத் தகராறில் பேச்சு நின்றுபோனவர், தெரிந்திருந்தால் கூப்பிட்டு அனுப்பியிருப்பாரோ என்னவோ. சித்தப்பா அடக்கத்துக்கு வந்து மூடின பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சாகிறவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குள் ஏதோ இறுகிப்போனது. ஆனால் அது அவருடைய சாவு, அவருடைய சேதி. இது என்ன சேதி. நீ சாகப்போகிறாய் என்பது தணிகாவுக்குத் தெரியும், அதை யாரும் மறைக்கவில்லை, அவனே பேங்க் வேலையெல்லாம் முடித்துவிட்டான். இது அதற்கும் மேலே ஒன்று. நீ எதை நம்பி வாழ்ந்தாயோ அதுவும் இல்லை என்று சொல்லப் போகிறேன். அதை ஒருவனுக்குச் சொல்ல வேண்டுமா, சொல்லாவிட்டால் யாருக்கு என்ன, அந்த நட்சத்திரங்களுக்கு ஒன்றுமில்லை, அவை பாட்டுக்குச் சுற்றும். சும்மா இருக்கலாம். இன்னும் பார்க்கவில்லை, கணக்கு முடியவில்லை என்று சொல்லலாம். ஆனால் விடிய விடிய எடுத்துவிட்டுப் பார்க்காமல் இருக்கிறவள் நான் இல்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

சமவெளி வந்துவிட்டது, காற்று கனத்தது, வாணியம்பாடிக்கு முன்னாலேயே தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை வர ஆரம்பித்தது, சுண்ணாம்பும் அழுகலும் கலந்த வாடை. புளிக்காரப் பெண் இறங்கும்போது கூடையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து என் கையில் வைத்து மூடிவிட்டுப் போனாள், என்ன செய்வது என்று தெரியாமல் கர்ச்சீப்பில் முடிந்து பைக்குள் போட்டேன். ஆட்டோவில் போகும்போது பாலாறு தெரிந்தது, மழைக்காலத்திலும் மணல்தான், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். மூன்று வாக்கியம் தயார் செய்துகொண்டேன். தணிகா, இப்போதைக்கு ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. தணிகா, இன்னும் ஒரு சீசன் பார்க்க வேண்டியிருக்கும். தணிகா, நீ சொன்ன மாதிரியே இருக்கும்போலத்தான் தெரிகிறது. மூன்றாவதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஆட்டோவின் கண்ணாடியில் பார்த்தேன், டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார். சுலோச்சனா கேட்டருகே நின்றிருந்தாள். டெய்லர் கடை வைத்து நடத்துகிறவள், கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும், இன்றைக்கு இல்லை, அந்த இடத்தில் கழுத்து வெறுமையாக இருந்தது. ‘முழிச்சிட்டு இருக்கார்’ என்றாள். போனில் கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை.

ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டில், இரும்பு, அதைக் கொண்டுவந்து போடுவதற்காக சோபாவை வாசலுக்கு நகர்த்தியிருந்தார்கள், டி.வி.யில் சத்தமில்லாமல் ஏதோ சமையல். டெட்டாலுக்கு அடியில் வேறு ஒரு வாடை. போன மாதம் பார்த்ததைவிடச் சின்னதாகிவிட்டான், முகம் மஞ்சளாக, கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக, கால் மட்டும் போர்வைக்கு வெளியே ஊதிப் பளபளத்தது. என்னைவிடப் பத்து வயது இளையவன். ‘வாங்க மேடம்’ என்றான், குரல் மட்டும் அப்படியே இருந்தது, அது எப்படி மட்டும் மிஞ்சுகிறது. ‘பஸ்ஸா?’ ‘பஸ்தான்.’ ‘வாந்தி வாடை அடிக்குது உங்கமேல.’ ‘பக்கத்து சீட்டு.’ அவன் சிரித்தான், சிரிப்பு வலித்திருக்க வேண்டும், நின்றது. ‘வானம் தெளிஞ்சிருந்துச்சாமே.’ ‘ஆமாம்.’ ‘பிரிச்சுப் பாத்தீங்களா?’ நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், பையைக் கழற்றினேன், கண்ணாடியைத் துடைத்தேன், டி.வி.யில் ஒரு பெண் வெங்காயத்தை எண்ணெயில் போட்டாள். மூன்று வாக்கியமும் இருந்தன, வரிசையாக, ஆட்டோவில் விட்டபடியே. ‘மேடம்’ என்றான். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை, வேறு ஒரு கட்டிலில், வேறு ஒரு ஊரில். ‘பாத்தேன்’ என்றேன். ‘ரெண்டாவது கோடு இருக்கு, தணிகா.’

சுலோச்சனா சமையல்கட்டு வாசலில் நின்றுவிட்டாள். அவளுக்குப் புரிந்திருக்காது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். ‘என்ன அகலம்?’ என்று கேட்டான். ‘ரொம்ப அகலம். அதான் இத்தனை நாள் தெரியல.’ ‘எதிர்ப்பக்கம் நகருதா?’ ‘நகருது.’ ‘காட்டுங்க.’ ‘இப்ப வேணாம், தணிகா.’ ‘காட்டுங்கன்றேன்.’ லேப்டாப்பைத் திறந்து அவன் மார்புக்கு மேலே பிடித்தேன், கனம் அவன்மேல் படாமல். பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான், உதடு அசைந்தது, எண்களை வாசிக்கிறான் என்று தெரிந்தது, எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து அப்படி வாசித்திருக்கிறான். பிறகு அவன் கண் மாறியது. நான் அழுகையை எதிர்பார்த்திருந்தேன், அதற்குத்தான் என்னைத் தயார் செய்திருந்தேன், வந்தது கோபம். ‘இதா கோடு? இதப் போயா மேடம் கோடுன்றீங்க? பட்டையோட அடிமட்டத்த சரியா போடல நீங்க. ரெண்டு ஓரத்துலயும் வளைஞ்சு கிடக்குது பாருங்க. எந்த மாதிரிய வெச்சுக் கழிச்சீங்க?’ சொன்னேன். ‘அதான் தப்பு. அதான். நம்ம ஆளு அவ்வளவு உலோகம் உள்ளவன் இல்ல, நான் அப்பவே சொல்லல? உலோகம் கம்மியான மாதிரிய வெச்சுப் போடுங்க, இது பூரா கரைஞ்சு போயிரும்.’ கழுத்து நரம்பு புடைத்தது, கையை ஊன்றி எழப் பார்த்தான், சுலோச்சனா ஓடிவந்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள், அவன் அவளைக் கவனிக்கவே இல்லை. ‘போட்டுப் பாத்தீங்களா அதை?’ என்றான். போட்டுப் பார்த்தேன். காலையிலேயே. அந்தப் படம் இதற்கு அடுத்த பக்கத்தில்தான் திறந்து கிடக்கிறது, ஒரு விரலால் தட்டினால் திரையில் வரும், அதே தாழ்வு, அதே இடம், இன்னும் தெளிவாகக்கூட. விரல் அந்தப் பட்டனின்மேல்தான் இருந்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தான், கன்னத்தில் எங்கிருந்தோ கொஞ்சம் ரத்தச் சிவப்பு வந்திருந்தது, அவனை இப்படிப் பார்த்து எவ்வளவு காலமாகிறது, கடைசியாக எப்போது என்னோடு சண்டை போட்டான். பேங்க் பேப்பரில் கையெழுத்துப் போட்டவன் இவன் இல்லை, போன மாதம் எல்லாத்துக்கும் தலையாட்டினவனும் இவன் இல்லை. ‘இல்ல’ என்றேன். ‘அதைப் போட்டுப் பாக்கல.’ லேப்டாப்பை மூடினேன். ‘தெரியும்’ என்றான். ‘எனக்குத் தெரியும். போய்ப் போட்டுப் பாருங்க. முதல்ல அதைப் பாருங்க.’ தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினான், மூடினபடியே, ‘சுலோ, மேடத்துக்கு டீ குடு, எனக்கும் ஒரு வாய் குடு’ என்றான்.

ஒரு வாய் குடித்தான், அதில் பாதி தாடையில் வழிந்தது. தூங்கிவிட்டான். கேட்டருகே வந்தபோது சுலோச்சனா என் கையைப் பிடித்துக்கொண்டாள், தையல் ஊசி பட்டுப் பட்டுக் காய்த்த விரல்கள். ‘அவரு குரலை உசத்தி எத்தனை நாளாச்சு தெரியுமாக்கா. தண்ணிகூட நாமதான் வாயில வெக்கணும். டீ கேக்கறார் இன்னிக்கு.’ பிறகு, ‘என்ன சொன்னீங்க அவர்கிட்ட?’ என்றாள். ‘அவர் கண்டுபிடிச்சது அங்க இல்லைன்னு சொன்னேன்.’ ‘அப்புறம் அவரு?’ ‘நான் பாத்ததுதான் தப்புன்னு சொன்னார்.’ ‘எது தப்பு?’ பாலாற்றுப் பக்கமிருந்து காற்று தோல் வாடையைக் கொண்டுவந்தது, நாங்கள் இரண்டு பேரும் அதை முகர்ந்துகொண்டு நின்றோம், அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, துணியின் அளவைக் கண்ணாலேயே பார்க்கிறவள். ‘அவர் சொன்ன மாதிரி இன்னொரு தடவ பாக்கணும்’ என்றேன். அவள் பிடியைத் தளர்த்தினாள். எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ‘பாருங்கக்கா’ என்றாள். ‘பொறுமையாவே பாருங்க.’

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை, பக்கத்து சீட்டு காலியாக இருந்தது, மலை அடிவாரத்தில் வெயில் மங்கத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்குச் சொல்லாதது தவறு என்றால் இவனுக்குச் சொன்னது சரியா, சொல்லிவிட்டுப் பாதியைப் பிடுங்கிக்கொண்டது என்ன, அது சொன்னதிலா சேரும் சொல்லாததிலா. எவ்வளவு பிரித்துப் பார்த்தாலும் பிரியவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். நான் பொய் சொன்னேன். காலையில் நிமிர்ந்த முதுகு ஒன்று இருந்தது, அதையும் அவனிடம் சொல்லவில்லை. முதல் வளைவுக்கு முன்னால் போன் அடித்தது, அவன் எண், சுலோச்சனாதான் பேசுவாள் என்று எடுத்தேன், அவனே பேசினான். தூங்கி எழுந்திருக்கிறான், நாக்குக் குழறியது. ‘மேடம், ஆரம்பிச்சுட்டீங்களா?’ எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று அவனுக்குத் தெரியவில்லை, நான் மலைமேல் என் அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ‘ஆரம்பிச்சுட்டேன்’ என்றேன். ‘என்ன சத்தம் அங்க?’ ‘ஃபேன்தான்.’ ‘கணக்கு ஓடிட்டிருக்கா?’ ‘ஓடிட்டிருக்கு.’ டிரைவர் கியரை மாற்றினார், பஸ் முனகிக்கொண்டு ஏற ஆரம்பித்தது, நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன். ‘எல்லா ராத்திரியையும் சேத்துப் போட்டீங்கல்ல?’ ‘எல்லாத்தையும்.’ ‘அப்ப நேரமாகும்.’ ‘ஆகும், தணிகா.’ மூச்சு கேட்டது, ஒன்று, நின்று, இன்னொன்று. ‘ஆகட்டும்’ என்றான். ‘அவசரப்பட வேணாம். பொறுமையா பண்ணுங்க.’ நான் சரி என்றேன். மறுநாளும் கேட்டான், ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். அதற்கு மறுநாள் அவனால் பேச முடியவில்லை, சுலோச்சனாவை விட்டுக் கேட்டான், ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். பிறகு யாரும் கேட்கவில்லை.